வீங்கிய கையும் வீங்காத தலையும்

பிசியோதெரபி கிளினிக்குக்கு வரும் குத்துச்சண்டைப் பையன்கள் அநேகமாகக் கையை நீட்டிக்கொண்டுதான் வருவார்கள். சுண்டுவிரலுக்குக் கீழே புறங்கை வீங்கியிருக்கும். முஷ்டியை மடக்கச் சொன்னால் நான்கு முட்டிகளில் ஒன்று உள்ளே போயிருக்கும். எலும்பு விட்டிருக்கிறது என்று எக்ஸ்ரே பார்க்காமலே சொல்லிவிடலாம். தலைவலிக்கிறது என்று தானாக வந்து உட்கார்ந்த பையனை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை.

சில மாதங்களுக்கு முன் அப்படித்தான் ஒரு தம்பி வந்தான். வயது 19. வலது கையைச் சுற்றி நான் டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது, விளக்கு வெளிச்சம் கண்ணில் படாமல் இருக்க முகத்தைத் திருப்பித் திருப்பி உட்கார்ந்தான். ஏன்டா என்று கேட்டேன். “ஒண்ணும் இல்ல சார், செவ்வாய்க்கிழமை ஸ்பாரிங்ல ஒண்ணு விழுந்துச்சு. காதுக்குள்ள மணி அடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் சரியாப் போச்சு” என்றான். ஸ்பாரிங் என்றால் பயிற்சிக்கூடத்தில் இருவர் மோதிப் பழகும் ஒத்திகைச் சண்டை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மாதங்களின் பெயரை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னேன். செப்டம்பர் வரை வந்தான். பிறகு ஜூலை என்றான், யோசித்தான், மறுபடியும் செப்டம்பர் என்றான். கூட வந்த கோச் சிரித்தார். “இவன் ஸ்கூல்லயும் இப்படித்தான் சார்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு நினைவுக்கு வந்தவர் வியாசெஸ்லாவ் லெமெஷெவ்.

இன்றைக்குப் பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சோவியத் யூனியனுக்காக 75 கிலோ மிடில்வெயிட் பிரிவில் தங்கம் வென்றவர். அப்போது வயது 20. அரையிறுதியில் அமெரிக்காவின் மார்வின் ஜான்சனை இரண்டாவது சுற்றிலேயே நிறுத்தினார். அந்த ஜான்சன்தான் பிற்பாடு தொழில்முறைக் குத்துச்சண்டையில் லைட் ஹெவிவெயிட் உலகப் பட்டத்தை மூன்று முறை வென்றவர். இறுதிப் போட்டியில் எதிரே நின்றவர் ஃபின்லாந்தின் ரெய்மா விர்டனென். அது முதல் சுற்றையே தாண்டவில்லை, நாக்அவுட். ஒலிம்பிக் இறுதியை மூன்று நிமிடத்துக்குள் முடிப்பது எல்லோருக்கும் வாய்க்காது.

அதன்பின் 1973இல் பெல்கிரேடிலும் 1975இல் கத்தோவிட்ஸேவிலும் ஐரோப்பிய சாம்பியன். 1974இல் ஹவானாவில் முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தபோது அதே எடையில் தங்கம் வாங்கியவர் இன்னொரு சோவியத் வீரர், உஸ்பெகிஸ்தானின் ருஃபாத் ரிஸ்கியெவ். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் இறுதியில் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் தோற்றவரும் ரிஸ்கியெவ்தான். லெமெஷெவின் பெரிய பட்டங்கள் 23 வயதோடு முடிந்துபோயின.

முதலில் பழுதானது கை. அவருடைய குத்தின் கனத்தை அவருடைய எலும்பே தாங்கவில்லை. இது கேட்பதற்கு விநோதமாக இருக்கும், எங்கள் தொழிலில் அன்றாடம் பார்ப்பது. தோள், இடுப்பு, பின்கால் மூன்றும் சேர்ந்து தள்ளும் விசை முழுவதும் கடைசியில் விரல் தடிமனே உள்ள நான்கைந்து எலும்புகள் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். எதிரே இருப்பது மண்டை ஓடு. பேண்டேஜை எவ்வளவு இறுக்கிச் சுற்றினாலும் மணிக்கட்டு கொஞ்சம் மடங்கியிருந்தால் போச்சு. பலமாகக் குத்துகிறவனுக்கே இந்தத் தொல்லை அதிகம். கை வலித்தால் குத்து தயங்கும். குத்து தயங்கினால் எதிராளி தைரியமாக உள்ளே வருவான். உள்ளே வந்தவன் சும்மா போகமாட்டான். லெமெஷெவ் ஏற்கெனவே அடியைத் தடுப்பதைவிட அடிப்பதில் நம்பிக்கை வைத்தவர். கைக்காயமும் தலைக்கு விழுந்த அடியும் அவர் விஷயத்தில் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தன என்பது என் கணிப்பு.

ஓய்வுக்குப் பிறகு பயிற்சியாளராக இருந்தார். பின்னாளில் மூளை பாதிப்பு முற்றி, உடம்பு முடியாமல் போனது. 1996 ஜனவரியில் இறந்தபோது வயது 43.

இதைச் சொன்னால் கோச்சுகள் உடனே கேட்பது ஒன்று உண்டு: “அவங்க எல்லாம் ப்ரோ சார். நம்ம பசங்க அமெச்சூர்தானே? மூணு ரவுண்டுதானே?” இல்லை. லெமெஷெவ் தொழில்முறையில் ஒரு சுற்றுகூட ஆடியதில்லை. சோவியத் யூனியனில் அப்போது தொழில்முறைக் குத்துச்சண்டையே கிடையாது. வீரர்கள் ராணுவ அணியிலோ ஏதாவது விளையாட்டுச் சங்கத்திலோ பெயரளவுக்கு வேலையில் இருப்பார்கள், நாள் முழுக்கப் பயிற்சி செய்வார்கள். காகிதத்தில்தான் அமெச்சூர்.

அந்த மூன்று சுற்றுகளையும் கூட்டிப் பார்க்க வேண்டும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இதே எடையில் தங்கம் வென்ற சோவியத் வீரர் வலெரி போப்பென்சென்கோ 213 போட்டிகள் ஆடி 200 வென்றவர். எல்லாம் முழுசாகப் போயிருந்தால் 639 சுற்று. முகமது அலியின் தொழில்முறைப் போட்டிகள் மொத்தமே 61. அந்த 639இல் ஸ்பாரிங் சேரவில்லை. சோவியத்தில் வீரர்களுக்கென்றே தனி மருத்துவ மையங்கள் இருந்தன, இதயம், ரத்த அழுத்தம் எல்லாம் ஒழுங்காகப் பார்த்து எழுதி வைப்பார்கள். ஆனால் ஒருவன் பயிற்சிக்கூடத்தில் வாரத்துக்கு எத்தனை அடி தலையில் வாங்குகிறான் என்று எழுதி வைக்கும் பழக்கம் பரவலாக இருந்ததில்லை. நான் பார்க்கும் பயிற்சிக்கூடங்களில் இன்றைக்கும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

மருத்துவத்துக்குத் தெரியாததால் வந்த வினை என்றும் சொல்ல முடியாது. 1928லேயே அமெரிக்காவில் நோயியல் மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட், குடிக்காமலே குடித்தவர்போலத் தள்ளாடும் குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி எழுதிவிட்டார். லெமெஷெவ் பெல்கிரேடில் வென்ற அதே 1973இல் இங்கிலாந்தில் நோயியல் மருத்துவர் கோர்செலிஸ் குழுவினர் இறந்துபோன 15 குத்துச்சண்டை வீரர்களின் மூளையை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தப் பதினைந்தில் அமெச்சூர்களும் இருந்தார்கள். மூளையின் நடுவிலிருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்திருந்தது, நரம்பு செல்கள் அழிந்திருந்தன.

தாடையில் விழும் குத்து தலையை நேராகத் தள்ளுவதில்லை, திருகுகிறது. மண்டை ஓடு சட்டென்று திரும்பிவிடும். உள்ளே திரவத்தில் மிதக்கும் மூளை அதே வேகத்தில் திரும்பாது. அந்த இடைவெளியில் நரம்பு இழைகள் இழுபடுகின்றன. கீழே விழ வேண்டும் என்பதில்லை, நினைவு தப்ப வேண்டும் என்பதுமில்லை. இதை ஹெட்கார்டு, அதாவது தலையில் மாட்டும் மெத்தைக் கவசம், தடுக்கும் என்று நம்புகிறவர்கள் நிறைய. 1984 ஒலிம்பிக்கில் அதைக் கட்டாயமாக்கினார்கள், 2016 ரியோவில் ஆண்கள் மறுபடி அது இல்லாமல் இறங்கினார்கள். புருவம் கிழிவதை அது குறைக்கும். உள்ளே மூளை திருகுவதை அதனால் நிறுத்த முடியாது. லெமெஷெவ் காலத்தில் அதுவும் கிடையாது.

எல்லோருக்கும் இப்படி ஆகிவிடும் என்று பயமுறுத்துவது என் நோக்கமில்லை. டோக்கியோ, மெக்சிகோ ஒலிம்பிக்குகளில் அடுத்தடுத்து தங்கம் வாங்கிய சோவியத் வீரர் போரிஸ் லகுதின் 2022இல் காலமானபோது வயது 84. அவரும் சின்ன வயதிலிருந்து ரிங்கில் இருந்தவர்தான். இரண்டு பேரை மட்டும் வைத்து யாரும் விதி எழுத முடியாது. ஆனால் இந்தப் பையன் லகுதினா லெமெஷெவா என்று 19 வயதில் காட்டும் கருவி எதுவும் என்னிடம் இல்லை. அதனால் எல்லோரையும் லெமெஷெவ் என்றே நினைத்துப் பார்க்கிறேன்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னேன். ஐந்தாவது அடியில் சுவரைப் பிடித்தான். கோச்சின் சிரிப்பு அங்கே நின்றது. அன்றே நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன். வாந்தி வந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, எழுப்பினால் எழவில்லை என்றாலோ, இரண்டு கண்மணியும் ஒரே அளவில் இல்லை என்றாலோ, வலிப்பு வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று அவன் அம்மாவுக்கு போனில் சொன்னேன். நல்லவேளை, அப்படி எதுவும் ஆகவில்லை. ஸ்கேனிலும் ரத்தக்கசிவு இல்லை. ஸ்கேன் சரியாக இருக்கிறது என்பதால் மூளை அதிர்ச்சி இல்லை என்று ஆகிவிடாது, இதைப் புரியவைக்கத்தான் எனக்கு அரை மணி நேரம் ஆனது.

தலையில் அடிபட்டு நாக்அவுட் ஆனால் குறைந்தது 30 நாள் போட்டியும் கூடாது, ஸ்பாரிங்கும் கூடாது என்று அமெச்சூர் விதியே சொல்கிறது. ஆனால் பயிற்சிக்கூடத்தில் வாங்கிய அடிக்கு எந்த நடுவரும் எழுதித் தரமாட்டார். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது விழுந்தால் என்ன ஆகும் என்பதை கோச்சைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். “அடி வாங்காம பாக்சிங் ஏது சார்?” என்றார். “வாங்கட்டும் அண்ணே, எழுதி வைங்க” என்றேன்.

ஒரு மாதம் கழித்துக் கை காட்ட வந்தபோது தம்பியின் பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. கோச் வாங்கிக் கொடுத்தாராம். தேதி, எத்தனை ரவுண்டு, யாரோடு, தலையில் எத்தனை என்று அவர் கையெழுத்திலேயே கட்டம் போட்டிருந்தார். அந்த மாதத்துக்கான கட்டங்கள் எல்லாவற்றிலும் ‘ஸ்கிப்பிங், நிழல் குத்து’ என்று மட்டும் இருந்தது. நோட்டை மூடி வைத்துவிட்டு, மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னேன். ஜனவரி வரை வந்தான். பிறகு அவனாகவே எழுந்து, நடந்து காட்டட்டுமா சார் என்று கேட்டான்.