அப்பா பெயரில் ஒரு கிணறு

நான் ஆப்பிரிக்க நாடான மலாவியில் நிலத்தடி நீர் வேலையில் இருந்தவன் என்று யாரோ சொல்லி, கோவைப் பக்கத்து அண்ணா ஒருவர் போன மாதம் போன் செய்தார். "தம்பி, அப்பா பேர்ல ஆப்பிரிக்காவுல ஒரு கிணறு போடலாம்னு இருக்கேனுங்க. கல்வெட்டோட போட்டோ அனுப்புவாங்களாம். பணத்தைக் கட்டிரட்டுமா?"

நல்ல மனசு. ஆனாலும் கட்டிவிடுங்கள் என்று சட்டென்று வாயில் வரவில்லை. அங்கே கல்வெட்டு பளபளவென்று இருக்க, பக்கத்திலேயே பம்பின் கைப்பிடியில் ஆட்டைக் கட்டி வைத்திருப்பதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். சஹாராவுக்குத் தெற்கே எந்த நாளில் எண்ணிப் பார்த்தாலும் ஏறத்தாழ நாலில் ஒரு கைபம்பு ஓடாமல்தான் நிற்கும்.

தண்ணீர் வற்றிப்போனதால் மட்டும் இவை நிற்பதில்லை, பம்பு கெட்டுப்போயும் நிற்கும். மலாவியில் கிராமத்து ஆழ்துளைக் கிணறுகளில் (போர்) வைப்பது ஆஃப்ரிடெவ் என்ற பம்பு. 1980களில் மலாவியிலும் கென்யாவிலுமாக உருவானது. காப்புரிமை இல்லாததால் யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். நம் தெருமுனையில் நின்ற அடிபம்பான இந்தியா மார்க் 2கூட ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் இருக்கிறது. 1970களில் கோவை வட்டாரத்தில்தான் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆனால் அதில் கீழே தண்ணீருக்குள் இருக்கும் சிலிண்டரைத் தொட வேண்டுமானால் இரும்புக் குழாய் முழுவதையும் மேலே இழுக்க வேண்டும், அதற்குக் குழாயைத் தூக்க மூன்று கால் தாங்கியும் நாலைந்து ஆளும் தேவை. அமிலத்தன்மை உள்ள தண்ணீர் என்றால் இரும்பு அரித்து, தண்ணீர் செம்மண் கரைசல் மாதிரி வரும். பெண்கள் பழையபடி குட்டைக்கே போய்விடுவார்கள். உகாண்டா அரசு 2016இல் அந்த இரும்புக் குழாய்களுக்கே தடை போட்டது.

ஆஃப்ரிடெவில் குழாய் பிளாஸ்டிக். அது உள்ளேயே கிடக்கும். கம்பிகளை ஒவ்வொன்றாகக் கொக்கி கழற்றி எடுத்தால் பிஸ்டன் கைக்கு வந்துவிடும். ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் இந்த வேலையை மதிய சமையலுக்கு முன் முடித்துவிட்டுப் போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முக்கியமாகத் தேய்வது பிஸ்டனில் உள்ள ரப்பர் சீலும், கைப்பிடி ஆடும் இடத்தில் உள்ள பிளாஸ்டிக் புஷ்ஷும். வருடத்துக்கு ஒரு தடவை மாற்றினால் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த ரப்பர் கிடைக்காவிட்டால் கதை முடிந்தது. ஒரு ஊரில் நன்கொடையாளர் யாரோ வெளிநாட்டிலிருந்து வேறு மாடல் பம்பு கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள், பார்க்க அழகாக இருக்கும். எட்டு மாதமாக நின்றிருந்தது. மெக்கானிக் இரண்டு மணி நேரம் சைக்கிள் மிதித்து வந்து, திறந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். தண்ணீர்க் குழு மக்காச்சோள அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு வீடு வசூலித்து வைத்த காசு பெட்டியில் இருந்தது. அந்த மாடலுக்கான ரப்பரை விற்கும் கடை அந்த நாட்டிலேயே இல்லை.

அப்புறம், எந்த மாதத்தில் தோண்டுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மலாவியில் மழை நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மார்ச்சில் போர் போட்டால் எங்கே போட்டாலும் தண்ணீர்தான். நானே ஒரு தடவை மார்ச்சில் எடுத்த பம்பிங் டெஸ்டை (தண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்று இறைத்துப் பார்ப்பது) நம்பிக் கையெழுத்துப் போட்டேன். அக்டோபரில் அந்தப் பம்பு காற்றை இழுத்தது. அந்த ஊர்த் தலைவர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம்.

தண்ணீர் வந்தாலும் குடிக்க முடியுமா என்பது வேறு கேள்வி. ஷிரே ஆற்றின் கீழ்ப்பகுதியில், சிக்வாவா மாவட்டத்தில், பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. துணி துவைக்க பம்பு, குடிக்க ஆறு என்று ஆகிவிடும். ஆற்றில் முதலை உண்டு. எத்தியோப்பியா, கென்யா, தான்சானியாவின் பிளவுப் பள்ளத்தாக்கில் புளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்துப் பல் பழுப்பான பிள்ளைகளை அங்கே ஊர் ஊராகப் பார்க்கலாம். புளோரைடு நாக்குக்குத் தெரியாது. பரிசோதனைத் தாள் இல்லாமல் கிணற்றை ஒப்படைப்பதை நான் மோசடி என்றே சொல்வேன்.

சரி, மழைநீர்த் தொட்டி? பள்ளிக்கூடங்களுக்கு நல்லதுதான், கணக்கு தெரிந்து கட்டினால். 100 சதுர மீட்டர் கூரையில் 800 மில்லிமீட்டர் மழை பெய்தால், வழியில் போகும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து 64,000 லிட்டர் பிடிக்கலாம். ஆனால் பல இடங்களில் வைப்பது 10,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. 500 பிள்ளைகள் ஆளுக்கு ஒரு லிட்டர் குடித்தால் இருபது நாள். மழையில்லாத காலமோ ஆறு மாதம். அதனால் தொட்டியைத் துணைக்குத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் மழையை வெளியே விடும் குழாய் இல்லையென்றால் கூரையில் உள்ள பறவை எச்சமும் சேர்ந்து உள்ளே போகும்.

வீடு போய்ச் சேரும் வழியிலும் தண்ணீர் கெடுகிறது. கென்யாவில் ஊற்றுகளைச் சுற்றிக் கட்டிப் பாதுகாத்து, பொருளாதார அறிஞர் மைக்கேல் கிரெமரின் குழு ஆய்வு செய்தது. ஊற்றில் மலக்கிருமி மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. வீட்டுப் பானையில் அந்த அளவு குறையவில்லை. வாளியும் கையும் மொள்ளும் குவளையும் வேலையைக் காட்டிவிடும். பம்படியிலேயே வைக்கும் குளோரின் டப்பா ஒரு திருகில் இதைச் சரிக்கட்டும். ஆனால் அதைப் போட்டோ எடுத்தால் யாருக்கும் பிடிக்காது.

அண்ணாவிடம் நாலு கேள்வி கேட்கச் சொன்னேன்: என்ன மாடல் பம்பு, எந்த மாதம் தோண்டுகிறார்கள், தண்ணீர்ப் பரிசோதனைத் தாள் தருவார்களா, மூன்றாம் வருடம் ரப்பரை யார் மாற்றுவது. புதிதாக ஒன்று தோண்டும் காசில் நின்றுபோன பம்புகள் பலவற்றை ஓட வைக்கலாம், அதையும் யோசியுங்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அது சரிங்க தம்பி... பழைய பம்பைச் சரி பண்ணினா அப்பா பேர் போட முடியுங்களா?"

"போடலாங்கண்ணா. பெயிண்ட்லதான் எழுதுவாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.