பிடிக்காமல் போனவர் ஏன் பிடிக்காதவராகவே நின்றுவிடுகிறார்?

"முதல் நாள் பார்த்தபோது திமிர் பிடித்தவர் என்று நினைத்தேன். ஒரே குழுவில் வேலை என்பதால் தினமும் பேச வேண்டியிருந்தது. இப்போது அவரைத்தான் காதலிக்கிறேன். என் முதல் கணிப்பு எப்படி இவ்வளவு தப்பானது?" ஒரு வாசகி கேட்டிருந்தார்.

கணிப்பு தப்பாவதில் வியப்பில்லை. ஜானின் வில்லிஸும் அலெக்சாண்டர் தொடோரோவும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத முகங்களை வெறும் 100 மில்லி வினாடி காட்டினார்கள். நம்பலாமா, திறமைசாலியா என்று அதற்குள்ளேயே மக்கள் முடிவு கட்டிவிட்டார்கள். நேரத்தைக் கூட்டிக் கொடுத்தபோது முடிவு அவ்வளவாக மாறவில்லை. அதன் மேல் இருந்த உறுதிதான் கூடியது. ஒரு முகம் பலருக்கும் ஒரே மாதிரித் தோன்றுகிறது என்பதால் அந்தத் தோற்றம் உண்மையாகிவிடாது. முகத்தைப் பார்த்தே குணத்தைச் சொல்லிவிடலாம் என்பது மூடநம்பிக்கை. அதை நம்பி ஒரு மனிதரை ஒதுக்குவது அநியாயம்.

சரி, தப்பான கணிப்பு பிறகு திருந்துமா? பாதி திருந்தும், பாதி திருந்தாது. அந்தப் பாதி எது என்பதில்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது. ஜெர்கர் டென்ரெல் என்ற ஆய்வாளர் 2005இல் இதை விளக்கினார். மனதில் எந்த வன்மமும் இல்லாத, கணக்கில் பிசகாத மனிதர்கள்கூட இதில் மாட்டிக்கொள்வார்கள் என்று காட்டியதுதான் அதன் அழகு.

ஒருவருடைய உண்மையான மதிப்பு பத்துக்கு 6 என்று வைத்துக்கொள்வோம். நல்ல நாளில் அவர் 9 ஆகத் தெரிவார். தூக்கம் கெட்ட நாளிலோ கூச்சம் பிடுங்கும் நாளிலோ 3 ஆகத் தெரிவார். இரண்டுக்கும் சம வாய்ப்பு. 100 பேர் அவரைத் தனித்தனியாகச் சந்திக்கிறார்கள். 9 பார்த்த 50 பேர் மறுபடி சந்திப்பார்கள். போகப்போக நல்ல நாளும் கெட்ட நாளும் கலந்து, அவர்களுடைய மதிப்பீடு 6ஐ நோக்கி இறங்கும். 3 பார்த்த 50 பேர்? அவர்கள் மறுபடி வரவே மாட்டார்கள். அவர்கள் மனதில் அவர் என்றைக்கும் 3தான். மொத்த சராசரியைப் போட்டால் 4.5. முதல் 50 பேரிலும் சிலர் கெட்ட நாட்கள் அடுத்தடுத்து வந்து பாதியில் விலகுவார்கள் என்பதைச் சேர்த்தால் இன்னும் குறையும். ஆனால் உண்மை 6!

யாரும் பொய்யாக மதிப்பிடவில்லை. கண்டதைத்தான் கணக்கில் எடுத்தார்கள். தப்பாகப் பிடித்துப்போனால், பழக்கமே அந்தத் தப்பைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தப்பாகப் பிடிக்காமல் போனால், பழக்கமே இல்லாமல் போகிறது. திருத்த வேண்டிய தகவல் வரும் வழியை நாமே அடைத்துவிடுகிறோம். வாசகியின் விஷயத்தில் அந்த வழியை அடைக்க வேலை விடவில்லை. பிடிக்காவிட்டாலும் அடுத்த நாள் அவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. நல்ல சம்பவங்கள் சேரச்சேர மனம் மெல்ல மாறும் என்றில்லை. சில சமயம் சட்டென்று புரண்டுவிடும். தாமஸ் மானும் மெலிசா ஃபெர்குசனும் 2015இல் வெளியிட்ட சோதனையில், ஒருவன் பக்கத்து வீடுகளுக்குள் உடைத்துப் புகுந்த கதையை வாசிக்கக் கொடுத்தார்கள். கடைசியில்தான் அந்த வீடுகள் தீப்பற்றி எரிந்தன, அவன் உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றப் போனான் என்று தெரியவரும். யோசிக்காமலே எழுகிற உள்மன வெறுப்புகூட அங்கே தலைகீழானது. சம்பந்தமில்லாத வேறொரு நற்செயலைச் சொன்னபோது அப்படி நடக்கவில்லை. பழைய செயலுக்கே புதுக் காரணம் கிடைக்க வேண்டும். முதல் நாள் அவர் முகம் கொடுத்துப் பேசாதது திமிரால் அல்ல, பதற்றத்தால் என்று தெரிந்த நொடியில் அந்த நாளே வேறு நாளாகிவிடுகிறது.

லூசி ஹன்ட், பால் ஈஸ்ட்விக், ஈலை ஃபிங்கல் மூவரும் 167 ஜோடிகளை ஆராய்ந்து 2015இல் எழுதியதும் இதோடு பொருந்துகிறது. பழகிய சில நாட்களிலேயே காதலில் இறங்கிய ஜோடிகள் அழகில் ஏறக்குறைய ஒருவருக்கொருவர் இணையாக இருந்தார்கள். நெடுநாள் தெரிந்து, பிறகு காதலித்தவர்களிடம் அந்தப் பொருத்தம் மிகவும் குறைந்திருந்தது. பழகியவர்களுக்கு மட்டும் தெரிகிற ஏதோ ஒன்று கணக்கில் சேர்ந்திருக்கிறது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம்.

புகைப்படத்தைக் காட்டி மதிப்பெண் கேட்கும் ஆய்வு ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். அறிமுகமே இல்லாத நாளிலிருந்து இருவரை வருடக்கணக்கில் பின்தொடரும் ஆய்வுக்கு ஆளும் பணமும் பொறுமையும் வேண்டும். நிதி கொடுப்பவர்கள் இந்த இரண்டாவது வகைக்கு இன்னும் தாராளமாகக் கொடுக்க வேண்டும். வாசகி கேட்ட கேள்விக்கு முழுப் பதில் அங்கேதான் கிடைக்கும்.