மன அழுத்தம் வேறு, மனச்சோர்வு வேறு

அத்தையை ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். இரண்டு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை. வாசலில் கோலம் போடுவதைக்கூட விட்டுவிட்டார். படிவத்தைப் பார்த்து ஒரு பெண், "மன அழுத்தம் இருக்கா?" என்றார். "இருக்கும்மா, காலையில ஒரு மாத்திரை போடுறேன்" என்றார் அத்தை. இரத்த அழுத்த மாத்திரையைச் சொல்கிறார். அந்தப் பெண்ணும் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

டிப்ரெஷன் என்ற நோயைத்தான் அந்தப் படிவம் மன அழுத்தம் என்கிறது. டிப்ரெஷன் லத்தீன் வழி வந்த சொல். கீழே அழுத்துதல் என்று பொருள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'அழுத்து' என்பதைப் பிடித்துக்கொண்டு 'கீழே' என்பதை விட்டுவிட்டார்கள். வானிலைக்காரர்கள் விடவில்லை. அதே சொல்லைக் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்றார்கள்.

மன அழுத்தம் என்றால் ஸ்ட்ரெஸ். கடன், பரீட்சை, வேலை நெருக்கடி என்று வருவது. பாரம் இறங்கினால் பெரும்பாலும் அதுவும் இறங்கிவிடும். டிப்ரெஷன் காரணமே தெரியாமலும் வரும். இரண்டு வாரமாகியும் மனம் வாடியே கிடக்கிறதா, பிடித்த காரியத்திலும் நாட்டம் போய்விட்டதா என்றுதான் மருத்துவர்கள் முதலில் பார்ப்பார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், "நாலு நாள் ஊருக்குப் போயிட்டு வா" என்ற ஒரே யோசனைதான் கிடைக்கும், வைத்தியம் தள்ளிப்போகும். போதாக்குறைக்கு, அழுத்தக்காரர் என்றால் நம் பேச்சில் வாய் திறக்காத ஆள். நெஞ்சழுத்தம் என்றால் பிடிவாதம், திமிர். நோயாளியை வீடு ஏற்கெனவே அப்படித்தான் ஏசிக்கொண்டிருக்கும்.

மனச்சோர்வு என்பதே சரி. கண்ணீர் சோரும், கூந்தல் சோரும், பயிரும் சோரும். வழிவது, நழுவுவது, வாடுவது எல்லாம் அந்த ஒரு வினையில் இருக்கிறது. வெளியே வந்து, "மனசு சோர்ந்து போகுதா அத்தை?" என்று கேட்டேன். பதிலில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சோர்வு என்றால் களைப்பு, தூங்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பார்களே என்கிறார்கள் சிலர். உடம்பு சோர்ந்தால் களைப்பு. மனசு சோர்ந்துபோச்சு என்று சொல்பவரிடம் யாரும் தூங்கி எழச் சொல்வதில்லை. சந்தேகம் இருந்தால் 'மனச்சோர்வு நோய்' என்று எழுதுங்கள்.

மன அழுத்தம் என்ற சொல்லே வேண்டாம் என்று சொல்லவில்லை. தற்கொலைக்கு முயன்றவரை, வேறாக நிரூபிக்கப்படாதவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. அங்கே மூலத்தில் இருப்பது ஸ்ட்ரெஸ், அதனால் பொருத்தம். செய்தித்தாளில் "மன அழுத்தத்தில் இருந்தார்" என்று படிக்கும்போதுதான், அவருக்கு இருந்தது எது என்று தெரியாமல் போகிறது.

படிவம் தயாரிப்பவர்கள் இரண்டையும் தனித்தனிக் கேள்வியாக வையுங்கள். "மனசு சோர்ந்து கிடக்கா, எத்தனை நாளா?" என்று கேளுங்கள்.