ஸ்டீரியோடைப்: அச்சில் வார்த்த எண்ணம்

தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். போன மாதம் 14 வயது மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஆண்ட்டி, ஸ்டீரியோடைப்புக்குத் தமிழில் என்ன?"

கேள்விக்குக் காரணம் இருந்தது. புரட்டாசி அன்னதானத்துக்குக் கோயில் பின்கட்டில் விறகடுப்பு மூட்டி, பெரிய அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. துடுப்பை வாங்கிக் கிண்டிப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறாள். "அது ஆம்பளைகள் வேலை, நீ உள்ளே போய்க் காய் நறுக்கு" என்று ஒரு மாமா அனுப்பிவிட்டார். வீட்டில் வருஷம் பூராவும் சமைப்பது பெண்கள். அதே சமையல் அண்டாவில் ஏறியதும் ஆண் வேலையாகிவிடுகிறது!

சரி, சொல்லுக்கு வருவோம். கிரேக்கத்தில் 'ஸ்டீரியோஸ்' என்றால் திடமானது, கெட்டியானது. 'டைப்போஸ்' என்றால் அழுத்திப் பதிந்த அச்சு. இரண்டையும் சேர்த்தவர்கள் பிரெஞ்சு அச்சுக்காரர்கள். 1790களில் பாரிஸில் ஃபிர்மேன் தீதோ என்பவர் தம்முடைய அச்சு முறைக்கு இந்தப் பெயரை வைத்தார். அப்போதெல்லாம் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி ஈயத்துண்டு. அவற்றைக் கோத்துப் பக்கத்தை உருவாக்கியபின், அதன்மேல் சாந்தையோ, பிற்காலத்தில் ஈரக் காகிதக் கூழையோ அழுத்திப் பள்ளமான அச்சு எடுப்பார்கள். அதில் ஈயக் கலவையைக் காய்ச்சி ஊற்றினால் பக்கம் முழுவதும் ஒரே தகடாக வந்துவிடும். எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

ஆனால் அந்தத் தகட்டில் ஓர் எழுத்தைக்கூட அசைக்க முடியாது. காந்தியின் இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகை 1903இல் டர்பனில் தொடங்கி, அடுத்த வருஷம் பக்கத்திலிருந்த அவருடைய ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குப் போனது. தொடக்க காலத்தில் அதில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. கையால் கோத்த அந்தத் தமிழ் எழுத்துகளை மறுநாள் பிரித்து வேறு சொற்களாகக் கோக்கலாம். 'ண்' எந்தச் சொல்லுக்கும் அடிமை இல்லை. பெண்ணுக்கும் வரும், மண்ணுக்கும் வரும், விண்ணுக்கும் வரும். வார்த்த தகட்டில் அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது.

அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்ட்டர் லிப்மன் 1922இல் இந்தச் சொல்லை மனிதர்களைப் பற்றி மனதுக்குள் முன்கூட்டியே இருக்கும் சித்திரங்களுக்குப் பயன்படுத்தினார். இன்று நாம் சொல்லும் பொருள் அப்படிப் பரவியதுதான்.

தமிழில் இதற்கு 'முன்முடிவு' என்கிறார்கள். அது ஒருவர் மனதில் இருப்பது. ஸ்டீரியோடைப்போ ஊரே கைமாற்றிக்கொள்ளும் தகடு. 'வார்ப்புரு' நல்ல சொல்தான், ஆனால் அதைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'ஒரேமாதிரி' என்பதில் கெட்டித்தன்மை இல்லை. நம் வீடுகளில் "அம்மாவை அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறாள்" என்கிறோமே, அங்கேயே சொல் இருக்கிறது. அதனால் நான் பலகையில் எழுதியது 'வார்ப்பெண்ணம்'. ஆண், பெண் இப்படித்தான் என்பது பாலின வார்ப்பெண்ணம்.

வார்ப்பெண்ணம் நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் அச்சம், நாண், மடன் என்று மூன்றைப் பெண்ணுக்கு உரியவையாகச் சொல்கிறது. பிற்காலத்தில் பயிர்ப்பும் சேர்ந்து நான்கானது. கல்யாண மேடைகளில் இந்த நான்கையும் அடுக்குபவர்களிடம் பயிர்ப்பு என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், பலருக்குத் தெரியாது. பொருள் மறந்தபின்னும் தகடு அச்சடித்துக்கொண்டே இருக்கிறது.

புகழ்ச்சியிலும் வார்ப்பு உண்டு. எனக்கு அதிகம் வலிப்பது இதுதான். 1913 அக்டோபரில், காந்தி இங்கே நடத்திய சத்தியாக்கிரகத்தின்போது, டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து வந்த பெண்கள், பெரும்பாலும் தமிழர், சிலர் இடுப்பில் கைக்குழந்தையோடு, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் போய் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். அதற்காகக் கடுங்காவல் அனுபவித்தார்கள். அடுத்துச் சிறை சென்ற ஜோகன்னஸ்பர்க் பெண் வள்ளியம்மை, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் 16 வயதில் இறந்தாள். இவர்களைப் பற்றி ஒருமுறை மேடையில் "ஆம்பளை மாதிரி தைரியம்" என்று பாராட்டக் கேட்டேன். அப்படியானால் தைரியம் ஆணின் சொத்து, இவர்கள் இரவல் வாங்கியவர்கள் என்றாகிறது. இல்லை. அது அவர்களுடைய தைரியம்.

இதற்கு எதிர்ப்புறம் நிற்கும் சொல் தனித்தன்மை. 'தனித்துவம்' என்றும் எழுதுகிறார்கள், அதில் பின்னொட்டு வடமொழி. எனக்குத் தனித்தன்மையே பிடிக்கும், 'தன்' என்பது உள்ளேயே ஒலிக்கிறது.

அந்த மாணவி பரதம் ஆடுவாள், கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசுவாள், ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. இதில் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டாம் என்று சொன்னேன். அப்புறம் கோயில் சமையல்காரர்களிடமும் பேசிவிட்டேன். தைப்பூசத்துக்கு ஒரு துடுப்பு அவள் கையில் இருக்கும்.