டாலியா கிழங்கு குளிர்காலத்தைத் தாண்டாமல் போவது ஏன்?

டாலியா ஒரு பூச்செடி. குளிர்நாடுகளில் அதன் கிழங்கைத் தோண்டி, குளிர்காலம் முழுக்கப் பெட்டியில் பொதிந்து வைத்து, வசந்தத்தில் மறுபடி நடுவார்கள். குளிர்காலம் முடிந்து அந்தப் பெட்டியைத் திறக்கும்போது, கெட்டுப்போன கிழங்கு இரண்டில் ஒரு கோலத்தில் இருக்கும். விறகுத்துண்டு போல வற்றிக் கிடக்கும். இல்லையென்றால், தொட்டதும் விரல் உள்ளே போகிற அளவுக்குக் குழைந்திருக்கும். நர்சரித் தொழிலில் இருப்பதால் இந்த இரண்டு வகைப் பெட்டிகளையும் ஆண்டுதோறும் பார்க்கிறேன். கொண்டுவருகிறவர்கள் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "எதில் பொதிந்து வைத்திருக்க வேண்டும்? மரச்சீவலா, பீட் மாஸா, செய்தித்தாளா?" நான் திரும்பக் கேட்பது வேறு. பெட்டி எங்கே இருந்தது? அங்கே எத்தனை டிகிரி? நடுவில் எப்போதாவது திறந்து பார்த்தீர்களா? முதல் கேள்விக்கு உடனே பதில் வரும். மற்ற இரண்டுக்கும் பெரும்பாலும் தலையைச் சொறிவார்கள்.

எதில் பொதிகிறோம் என்பது கடைசியில் யோசிக்க வேண்டிய விஷயம். கிழங்கின் உயிர் அதன் ஈரத்தில் இருக்கிறது. அந்த ஈரம் வெளியே போகவும் கூடாது, வெளியிலிருந்து ஈரம் வந்து அதன்மேல் தேங்கவும் கூடாது. நான் சொல்லப்போகிற எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் கிழங்கை நிறுத்தி வைக்கிற வேலைதான்.

டாலியா மெக்சிகோவின் மலைநாட்டுச் செடி. 1963 முதல் அந்த நாட்டின் தேசிய மலரும் அதுவே. அங்கே கோடையில் மழை, குளிர்காலத்தில் வறட்சி. மழை நின்றதும் மேலே உள்ளதெல்லாம் காய்ந்துவிடும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு அடுத்த மழை வரை தாக்குப்பிடிக்கும். ஆக, மாதக்கணக்கில் உறங்கிக் கிடப்பது அதற்குப் புதிதல்ல. ஆனால் அது பழகிய உறக்கம், உறையாத, நீர் தேங்காத மண்ணில். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மெக்சிகோவிலிருந்து மாட்ரிட் தாவரவியல் பூங்காவுக்கு விதை போய், 1791இல் கவானியெஸ் என்ற தாவரவியலாளர் அதற்கு இந்தப் பெயரை வைத்து, அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவியது. அந்தக் குளிர்நாட்டு மண்ணில் உறைபனியும் உண்டு, குளிர்கால ஈரமும் உண்டு. தோண்டி எடுத்து வைக்க வேண்டிய தேவை அங்கே வந்ததுதான்.

கிழங்கு என்று நாம் சொன்னாலும், உருளைக்கிழங்கை மனதில் வைத்துக்கொண்டு இதைக் கையாண்டால் ஏமாந்துபோவோம். உருளைக்கிழங்கு என்பது பருத்த தண்டு. அதன் மேனியெங்கும் கண் இருக்கும், கண் உள்ள எந்தத் துண்டை நட்டாலும் முளைக்கும். டாலியாவில் பருத்திருப்பது வேர். வேரில் கண் கிடையாது. பழைய தண்டின் அடியும் கிழங்குகளும் ஒட்டுகிற இடத்தில், தலைப்பகுதியில் மட்டும்தான் முளைக்கண் வரும். தலைப்பகுதியையும் கிழங்கையும் இணைக்கும் ஒல்லியான பாகத்தைக் கழுத்து என்கிறோம். கழுத்து ஒடிந்தால், கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் கதை முடிந்தது. அது அழுகாமல் பல மாதம் கிடக்கலாம், நட்டால் வேர்கூட விடலாம், செடி வராது. இப்படிப்பட்ட 'குருட்டுக் கிழங்கை'ப் பத்திரமாகச் சேமித்து, நட்டு, தண்ணீர் ஊற்றிக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். அதேபோல இதன் தோல் மிக மெல்லியது. உருளைக்கிழங்கைப் போலத் தடித்த தோல் இல்லாததால், வறண்ட காற்றில் ஈரம் வேகமாகப் போய்விடும்.

சரி, எப்போது தோண்டுவது? முதல் உறைபனியில் இலைகள் கறுத்துத் தொங்கும். பயப்பட வேண்டாம், மண் உறையாதவரை கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. அதற்குப் பிறகு ஒரு வாரம், பத்து நாள் விட்டு எடுத்தால் தோல் சற்று முற்றியிருக்கும், கண்களும் கொஞ்சம் புடைத்துத் தெரியும். உறைபனிக்காகக் காத்தே தீர வேண்டும் என்றும் இல்லை. பகல் பொழுது சுமார் 12 மணி நேரத்துக்குக் கீழே குறையத் தொடங்கியதும் செடி கிழங்கு பெருக்கும் வேலையில் இறங்கிவிடுகிறது. சில வாரம் அதற்கு நேரம் கொடுத்துவிட்டால், மழை கொட்டி மண் சேறாவதற்கு முன் எடுப்பது புத்திசாலித்தனம். பருவத்தின் கடைசி வாரங்களில் தழைச்சத்து உரத்தை நிறுத்திவிடுங்கள். தழைச்சத்து அதிகமாகப் போன செடியின் கிழங்கு பார்க்கப் பெரிதாக இருக்கும், பெட்டியில் நிற்காது.

தண்டைத் தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. விட்டு வெட்டுங்கள். டாலியாவின் தண்டு உள்ளே வெறும் குழல். வெட்டிய பிறகு மழை பெய்தால் அந்தக் குழலுக்குள் தண்ணீர் நேராகத் தலைப்பகுதிக்கு இறங்கும். கண் இருக்கும் இடம் அதுதான், அழுகல் தொடங்கினால் மிச்சம் எதுவும் பயன்படாது. ஆகவே வெட்டிய கையோடு தோண்டுவது நல்லது. நாள் தள்ளினால் தண்டின் வாயை மூடி வையுங்கள். தோண்டும்போது தண்டிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி, சுற்றிலும் மண்ணை நெம்பித் தளர்த்திவிட்டு, அடியிலிருந்து தூக்க வேண்டும். தண்டைப் பிடித்து இழுத்தால் கிழங்குக் கொத்தில் பாதியின் கழுத்து அங்கேயே போய்விடும். குளிர்காலச் சேதம் என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு உண்மையில் தோண்டிய நாளிலேயே நடந்து முடிந்தது.

கழுவலாமா கூடாதா என்பதில் இரு கட்சி உண்டு. மணற்பாங்கான மண் என்றால் உதறினாலே போதும். களிமண் என்றால் நான் கழுவச் சொல்வேன். கிழங்குகளுக்கு நடுவே அப்பியிருக்கும் களி ஈரத்தைப் பிடித்து வைக்கும், கீழே இருக்கும் காயத்தையும் மறைத்துவிடும். கழுவியதும் தண்டு கீழே பார்க்கும்படி கவிழ்த்து, குழலில் உள்ள நீர் வடிய விடுங்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில், உறையாத குளிரில் ஓரிரு நாள் போதும். வெயிலில் பரப்பி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். "நல்லா காயட்டும்" என்று ஒரு வாரம் விட்டுவிடுகிறார்கள். பெட்டிக்குள் போகும் முன்பே பாதி ஈரம் போயிருக்கும். தோலின் மேல் ஈரம் தெரியக் கூடாது, அவ்வளவுதான் தேவை.

கொத்தை இப்போதே பிரிப்பதா, வசந்தத்திலா? இலையுதிர்காலத்தில் தலைப்பகுதி மென்மையாக இருக்கும், வெட்டுவது சுலபம். ஆனால் கண்கள் சரியாகத் தெரியாது. வசந்தத்தில் கண்கள் தெளிவாகத் தெரியும், தண்டடி கட்டை போல இறுகியிருக்கும். புதிதாகச் செய்கிறவர்கள் கொத்தாகவே வைத்துவிடுவது நல்லது. முழுக் கொத்து மெதுவாகத்தான் வற்றும். ஆனால் அந்தக் கொத்தில் இரண்டு வேலை மட்டும் இப்போதே செய்யுங்கள். நூல் போன்ற வேர்களையும், ஒடிந்த கிழங்குகளையும் நீக்குங்கள். போன பருவத்தில் நட்ட பழைய தாய்க்கிழங்கையும் வெட்டி எடுங்கள். கறுத்து, தோல் முரடாக இருக்கும், பார்த்ததும் தெரியும். பல கொத்துகளில் அழுகல் முதலில் தொடங்குவது அதில்தான்.

வெட்டிய இடத்தில் கந்தகத்தூள் தடவலாம், சிலர் இலவங்கப்பட்டைத்தூள் தடவுகிறார்கள். என் கணக்கில் எந்தத் தூளையும்விட, காயம் ஒரு நாள் காற்றில் உலர்வதுதான் மருந்து. கத்தி விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். ஒரு கொத்திலிருந்து இன்னொரு கொத்துக்குப் போகும் முன் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் கத்தியை முக்கி எடுங்கள்.

இதற்குக் காரணம் உண்டு. தலைப்பகுதியில் பூக்கோசு போல முண்டுமுண்டாகக் கட்டி திரண்டிருந்தாலோ, ஒரே இடத்திலிருந்து குட்டிக் குட்டி முளைகள் கற்றையாக நெருங்கி வந்திருந்தாலோ சந்தேகப்படுங்கள். முன்னது அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா உண்டாக்கும் கழலை நோய், பின்னது ரோடோகாக்கஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் இலைக்கழலை. இரண்டுக்கும் மருந்து இல்லை. "நிறைய முளை இருக்கே, நல்லதுதானே" என்று மகிழ்ந்து அந்தக் கிழங்கைப் பிரித்து நண்பர்களுக்குக் கொடுக்கிறார்கள். நோய் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போவது இப்படி அன்பளிப்பாகத்தான். முழுக் கொத்தையும் குப்பையில் போடுங்கள், மக்குக்குழியில் போடாதீர்கள். அந்த இடத்தில் உடனே மறுபடி டாலியா நடவும் வேண்டாம்.

இனி இடம். கிழங்குக்கு ஏற்ற வெப்பம் 4 முதல் 10 டிகிரி செல்சியஸ். முடிந்தால் 4க்கும் 7க்கும் இடையே. பூஜ்யத்துக்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் நீர் உறைந்து செல்கள் கிழியும். உருகியதும் குழைந்துவிடும், அதைக் காப்பாற்ற வழியில்லை. 10 டிகிரிக்கு மேல் போனால் உறக்கம் கலையும், மூச்சு விடுவது கூடும், கிழங்கு உணவாகச் சேர்த்து வைத்த இனுலின் என்ற மாவுப்பொருள் கரையும், தோல் சுருங்கும். வீட்டுக்குள் சூடேற்றிய அறை குளிர்காலத்தில் மிக வறண்டது. அலமாரிக்கு அடியில் வைத்த பெட்டி வற்றிப்போவது அதனால்தான். கார் நிறுத்தும் அறையில் வெளிச்சுவரை ஒட்டி வைத்ததோ, ஒரே ஒரு கடுங்குளிர் இரவில் உறைந்துபோகும். ஆகவே, பெட்டி வாங்கும் முன் ஒரு வெப்பமானி வாங்குங்கள், குறைந்தபட்சத்தையும் அதிகபட்சத்தையும் பதிந்து வைக்கிற வகை. நினைத்திருக்கும் இடத்தில் அதை ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். பகலில் போய் நின்று "குளுகுளுன்னு நல்லாத்தான் இருக்கு" என்று தீர்மானிப்பதில் பயனில்லை. நிலவறை இருப்பவர்களுக்குப் பிரச்சினை குறைவு. குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டும் சரியான வெப்பம்தான். ஆனால் அதன் காற்று ஈரத்தை உறிஞ்சும், எனவே மூடிய பெட்டிக்குள் சற்று ஈரமான பொதியில் இருக்க வேண்டும்.

பொதிக்கு வெர்மிகுலைட் (எடை குறைந்த கனிமத் துகள்), மரச்சீவல், பீட் மாஸ் (மக்கிய சதுப்புநிலப் பாசி), தென்னைநார்த்தூள், மணல், எது கிடைத்தாலும் சரி. அள்ளிக் கையில் இறுக்கிப் பிடித்தால் விரலில் நீர் படக் கூடாது. அதேநேரம் புழுதியாகவும் பறக்கக் கூடாது. கிழங்குகள் ஒன்றையொன்று தொடாமல் இருந்தால், ஒன்று அழுகினாலும் மற்றது தப்பும். வறண்ட இடம் என்றால் பெட்டியின் உட்புறத்தில் பாலிதீன் விரித்துக்கொள்ளுங்கள். ஈரமான இடம் என்றால் அட்டைப்பெட்டியே போதும். இறுக்கி முடிந்த பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம். உள்பக்கம் நீர்த்துளி கோக்கும், இரண்டு வாரத்தில் பூசணம் பிடிக்கும். பிரித்து, கழுவி, காயம் ஆறிய தனிக்கிழங்குகளை உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக்கில் ஒவ்வொன்றாகச் சுற்றி வைப்பது வேறு முறை. அது நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே காற்றே இல்லை, நோய் பரவவும் வழியில்லை. ஆனால் மேற்பரப்பு முழுக்க உலர்ந்திருந்தால்தான். பெயரை முடிந்தால் கிழங்கின் மேலேயே அழியாத மையில் எழுதிவிடுங்கள், சீட்டுகள் எப்படியோ காணாமல் போய்விடும்.

தொட்டியில் வளர்த்தவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. தண்டை வெட்டி, தண்ணீரை நிறுத்தி, தொட்டியோடு உறையாத இடத்தில் வைத்துவிடலாம். மண் ஆழமாக உறையாத, நீர் நன்றாக வடிகிற இடங்களில் தரையிலேயே விட்டு மேலே 15 செ.மீ. கனத்துக்கு மூடாக்குப் போடுவதும் நடக்கிற காரியம். களிமண்ணில் இதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

வைத்த இரண்டு வாரத்தில் முதல்முறை திறந்து பாருங்கள். தோண்டும்போது பட்ட காயங்கள் எல்லாம் அதற்குள் தம் குணத்தைக் காட்டிவிடும். அப்புறம் மாதம் ஒரு முறை போதும். மூடியில் நீர் கோத்திருந்தால் ஒரு நாள் திறந்து வையுங்கள். மேலே மட்டும் வெள்ளைப் பூசணம் என்றால் துடைத்து, காற்றாட விட்டு, உலர்ந்த பொதிக்கு மாற்றுங்கள். நுனி குழைந்திருந்தால் வெள்ளைச் சதை வரும்வரை வெட்டிவிடுங்கள். கண்ணும் கழுத்தும் நன்றாக இருந்தால் அரைக் கிழங்கும் செடியாகும். நாற்றத்தோடு கொழகொழத்தது பாக்டீரியா அழுகல். அந்தக் கிழங்கையும் அதைச் சுற்றியிருந்த பொதியையும் சேர்த்து எறியுங்கள். சுருக்கம் விழுந்திருந்தால் பொதியின் மேல் லேசாக நீர் தெளியுங்கள், கிழங்கை நேராக நனைக்காதீர்கள். பாதிக் குளிர்காலத்தில் வெளிறிய முளை வந்தால் இடம் சூடாக இருக்கிறது என்று அர்த்தம். முளை ஒடிந்தாலும் பரவாயில்லை, பக்கத்துக் கண் எழும். பெட்டியை இடம் மாற்றுங்கள்.

வசந்தத்தில் சுருங்கிய கிழங்குகளை அவசரப்பட்டு எறிய வேண்டாம். வால் நுனியை ஒரு சீவு சீவிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக நாரோடியிருந்தால் இல்லை. உயிருள்ளவற்றை லேசாக ஈரமான பொதியில், தலைப்பகுதி வெளியே தெரியும்படி, 15 முதல் 20 டிகிரியில் வையுங்கள். சில ரகம் இரண்டு வாரத்தில் கண் காட்டும், சில ரகம் ஒரு மாதத்துக்கு மேலும் இழுக்கும். ஆறு வாரம் ஆகியும் கண் வராததை விட்டுவிடலாம். கடைசி உறைபனி தாண்டி, மண் 15 டிகிரிக்கு வந்ததும் நடுங்கள். மண் அடியோடு காய்ந்திருந்தால் தவிர, முளை மண்ணுக்கு மேலே தலைகாட்டும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டாம்.