அடிங்க்ரா: தமிழில் என்ன சொல்லலாம்?

தமிழில் எழுதினால் யாரையோ அதட்டுவது போலத்தான் இருக்கும். ஆனால் அடிங்க்ரா என்பது கானா நாட்டு அசாந்தே மக்களின் முத்திரைத் துணிக்கும், அதில் குத்தும் சின்னங்களுக்கும் சேர்த்து வழங்கும் பெயர். கானாவின் இன்னொரு துணியான கென்டேயோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது தறியில் நெய்வது, இது நெய்த துணிமேல் சாயம் தொட்டுக் குத்துவது.

பெயருக்கு ஒரு கதை உண்டு. ஜாமன் நாட்டு அரசர் கோஃபி அடிங்க்ரா அசாந்தேயரின் பொன் அரியணையைப் போலவே ஒன்று செய்துகொண்டாராம், அதில் சினந்த அசாந்தே மன்னர் ஓசெய் பொன்சு 1818இல் அவரைப் போரில் வீழ்த்த, அவர் உடுத்தியிருந்த துணியின் கலை அசாந்தே தலைநகர் குமாசிக்கு வந்து அவர் பெயரையே பெற்றதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆங்கிலேயத் தூதுக்குழுவில் போன பவுடிச் என்பவர் 1817இலேயே அங்கே ஒரு அடிங்க்ரா துணியை வாங்கிவிட்டார், அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அப்புறம் எப்படிப் போர் கொண்டுவந்த கலை ஆகும்?

எனக்குச் சரியாகப் படுவது மற்ற விளக்கம். அசாந்தேயரின் ட்வி மொழியில் 'டி ங்க்ரா' என்றால் விடைபெறுதல். ஒரு காலத்தில் அரசரும் பெரியவர்களும் மட்டும் உடுத்திய இந்தத் துணி பிறகு எல்லோருக்கும் துக்க உடையானது. செங்கல் நிறத்திலும் கறுப்பிலும் உடுத்திக்கொண்டு இறந்தவருக்கு விடைகொடுப்பார்கள். 'ங்க்ரா'வுக்குச் செய்தி என்றும் பொருள். நம் 'விடை'யும் பிரிவு, மறுமொழி என்று இரண்டு பக்கம் பார்க்கிற சொல்தானே, அதனால் 'விடைமுத்திரை' என்பதற்கே என் ஓட்டு. 'கோடித்துணி' ஒத்துவராது: கோடி இறந்தவர்மேல் போடுவது, இது இருப்பவர் உடுத்துவது.

ஒரு சங்கடம் உண்டு. குமாசிக்குப் பக்கத்தில் இன்டொன்சோ என்கிற ஊரில் இன்றும் மரப்பட்டையைக் காய்ச்சிக் கருஞ்சாயம் எடுத்து, காய்ந்த சுரைக்காய் ஓட்டில் முத்திரை செதுக்கிக் குத்துகிறார்கள். பக்கத்திலேயே ஸ்கிரீன் பிரிண்டிங்கும் நடக்கிறது, பளிச்சென்ற நிறங்களில், கொண்டாட்டத்துக்கும் அன்றாடத்துக்கும். டீ-ஷர்ட்டில் ஏறிவிட்ட சின்னத்தை விடைமுத்திரை என்றால் ஒட்டாது. அங்கே வெறும் 'முத்திரைத்துணி' போதும்.

தனிச் சின்னங்களில் சங்கோஃபாவைப் பெயர்ப்பது சுலபம். சன் என்றால் திரும்பு, கோ என்றால் போ, ஃபா என்றால் எடு. தலையைப் பின்னால் திருப்பிய பறவை அதன் ஒரு வடிவம். 'மீட்டெடு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம்.