பாட்டிலைத் திறக்கும் முன் டேப்பெட்டைப் பாருங்கள்

பிரிட்டனில் எங்கள் பட்டறைக்கு வரும் பழைய எம்ஜிபி, ட்ரையம்ஃப், ஜாகுவார் வண்டிகள் பலவற்றின் டிக்கியில் ஒரு பாட்டில் உருண்டுகொண்டிருக்கும். ஈயத்துக்குப் பதிலாகப் பெட்ரோலில் கலக்கும் திரவம். "வண்டியை விற்றவர் ஒவ்வொரு டேங்குக்கும் ஊற்றச் சொன்னார், ஊற்றாவிட்டால் இன்ஜின் போய்விடுமாமே?" என்பார்கள். சிலருக்கு அது நிஜமாகவே தேவை. பலருக்கு வீண் செலவு. நீங்கள் எந்த ரகம் என்பது பாட்டிலின் லேபிளில் இருக்காது, இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டில்தான் இருக்கும்.

1921இல் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலுக்குள் ஈயச் சேர்மத்தைக் கொண்டுவந்தது நாக்கிங்கை, அதாவது பெட்ரோல் சிலிண்டருக்குள் தாறுமாறாக வெடிப்பதை, அடக்கத்தான். வால்வைக் காப்பாற்றியது கூடவே கிடைத்த லாபம். எரிந்து முடிந்த ஈயத்தின் உப்புகள், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்விலும் அது உட்காரும் சீட்டிலும் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். அந்தப் படலம் இல்லாவிட்டால், பழுக்கக் காய்ந்த வால்வு மிருதுவான வார்ப்பிரும்புச் சீட்டில் நுண்ணளவில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த தடவை திறக்கும்போது இரும்பைத் துணுக்குத் துணுக்காகப் பிய்த்துக்கொண்டு எழும். நாளடைவில் வால்வு ஹெட்டுக்குள் இறங்கிவிடும்.

இங்கே ஈயம் கலந்த ஃபோர் ஸ்டார் பெட்ரோலின் பொது விற்பனை 1999 இறுதியோடு நின்றது. ஆயிரக்கணக்கான இன்ஜின்கள் சாகப்போகின்றன என்று அப்போது பெரிய பீதி. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால் மட்டும் வெளியே வரும் வண்டிக்குச் சீட் தேய நேரமேது? தேய்மானம் வருவது நீண்ட நேரம் விடாமல் அதிக சுற்றில் ஓடும்போதுதான். ஓவர்டிரைவ் (அதே வேகத்துக்கு இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இல்லாத எம்ஜிபியில் மோட்டார்வேயில் 70 மைல் வேகம் பிடித்தால் இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றை ஒட்டி ஓடும். மணிக்கணக்கில் அப்படிப் போகிறவர் கவலைப்படுவது நியாயம்.

அடுத்து ஹெட் எதில் செய்தது என்று பாருங்கள். எம்ஜிபி, மிட்ஜெட், ட்ரையம்ஃப் டிஆர்2 முதல் டிஆர்6 வரை, ஆஸ்டின் ஹீலி 3000 எல்லாம் இரும்பு ஹெட். சீட்டை அந்த இரும்பிலேயே கடைந்திருப்பார்கள். ஆபத்து இவற்றுக்குத்தான். ஜாகுவார் எக்ஸ்கே, ஆல்ஃபா ரோமியோ ட்வின்கேம், போர்ஷே 911 ஆகியவற்றில் ஹெட் அலுமினியம். வால்வின் அடியை அலுமினியம் தாங்காது என்பதால் வேறு உலோக வளையத்தை ஆரம்பத்திலேயே இறக்கியிருப்பார்கள். அவற்றுக்குப் பயம் மிகக் குறைவு.

இரும்பு ஹெட்டா? சரி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் ஒன்று போதும். எம்ஜிபியில் இன்ஜின் ஆறியிருக்கும்போது டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வின் தண்டுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி, 0.38 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ராக்கர் தேய்ந்தால் இந்த இடைவெளி கூடும், டக்டக்கென்று சத்தம் வரும். சீட் தேய்ந்தால் தலைகீழாக இடைவெளி குறையும், இன்ஜின் சத்தமே இல்லாமல் ஓடும். 'என் இன்ஜின் இப்போதெல்லாம் எவ்வளவு அமைதி தெரியுமா' என்று யாராவது பெருமைப்பட்டால் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். இடைவெளி பூஜ்யமானால் வால்வு முழுசாக மூடாது. சூடு சீட்டுக்கு இறங்க வழியின்றி வால்வின் விளிம்பு கருகிவிடும். ஒவ்வொரு சர்வீசிலும் எட்டு வால்வுகளின் அளவையும் நோட்டில் எழுதி வையுங்கள். எக்ஸாஸ்ட் நான்கும் வருஷக்கணக்கில் அசையவில்லை என்றால் உங்களுக்கு எந்தத் திரவமும் வேண்டாம். யாரோ முன்பே கடினச் சீட் (தேயாத கடின உலோக வளையம்) போட்டிருக்கக்கூடும். அப்படிப் போட்ட ஹெட்டுக்கும் டேங்க் தவறாமல் பாட்டில் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அளவு மெல்ல மெல்லக் குறைகிறதென்றால் திரவம் உதவும். பொட்டாசியம், சோடியம், மாங்கனீஸ், பாஸ்பரஸ் என்று ஏதாவது ஒன்றை வைத்துத்தான் இவற்றைச் செய்கிறார்கள். ஒரு வகையைப் பிடித்தால் அதிலேயே இருங்கள், ஒன்றோடொன்று கலக்க வேண்டாம். வேறு வேலைக்காக ஹெட்டைக் கழற்றும் நாளில் எக்ஸாஸ்டுக்குக் கடினச் சீட் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அதற்கு முன் ஹெட்டில் விரிசல் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். சீட்டுக்கு ஆழமாகக் கடைந்து தண்ணீர் அறையையே உடைத்த ஹெட்டுகளும் உண்டு. நன்றாக ஓடுகிற இன்ஜினை இதற்கென்றே பிரிக்காதீர்கள்.

ஆக்டேன், அதாவது நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் காட்டும் எண், தனி விஷயம். ஃபோர் ஸ்டாரில் அது 97க்குக் குறையாமல் இருந்தது. இன்றைய சாதாரண பெட்ரோல் 95தான். மேடு ஏறும்போது கிணிகிணியென்று சத்தம் வந்தால் இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) கொஞ்சம் பின்தள்ளுங்கள், இல்லையென்றால் ஆக்டேன் அதிகமுள்ள சூப்பர் பெட்ரோல் போடுங்கள். சீட் தேய வருஷங்கள் ஆகும், நாக்கிங் பிஸ்டனை ஒரே பயணத்தில் ஓட்டை போட்டுவிடும்.

உண்மையைச் சொன்னால், இப்போது எங்களுக்கு வேலை வைப்பது ஈயமில்லாத பெட்ரோல் அல்ல, எத்தனால். 2021 செப்டம்பர் முதல் இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ் கொழகொழத்து வெடிக்கிறது, அதன் துகள் கார்பரேட்டரில் போய் அடைக்கிறது. சூப்பரில் 5 சதவீதத்துக்கு மேல் போகாது என்பதால் நான் அதையே போடச் சொல்வேன். இந்தியாவில் ஈயம் 2000த்திலேயே போய்விட்டது, இன்று பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால். சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டை இன்னும் வைத்திருப்பவர்கள் ஈயத்துக்கு மாற்று கேட்டு எழுதும்போது, முதலில் ஹோஸை மாற்றுங்கள் என்றுதான் பதில் போடுகிறேன். வாங்கும்போது ஹோஸின் மேல் எத்தனாலைத் தாங்கும் தரத்தைக் குறிக்கும் ஆர்9 (R9) என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.